திரை சொன்ன நிறமும் தாள் சொன்ன நிறமும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். கணினித் திரையின் முன் அமர்ந்து அட்டைப்படமும் அழைப்பிதழும் வடிவமைக்கும் நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இப்பழமொழி நன்றாகவே பொருந்தும். அதை நான் உணர்ந்தது கழகத்தின் பணத்தைச் செலவழித்த பிறகுதான்.

சென்ற மலருக்கு அட்டைப்படம் அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பருவ விடுமுறையில் பாகான் நக்கோடா ஓமாரில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். முதலில் தென்னந்தோப்பிலும் பின்னர் செம்பனைத் தோட்டத்திலும் உழைத்து ஓய்ந்த என் பாட்டியைப் படமெடுத்து, அதையே அட்டைக்கு வைத்தேன். குங்கும நிறச் சேலை, மூக்குத்தி, நெற்றியில் பெரிய பொட்டு. வீட்டுக் கணினியில் பார்க்கப் படம் அருமையாக இருந்தது. ஆனால், அச்சாகி வந்த மலரில் சேலை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. முகம் இருண்டு, மூக்குத்தியும் சுருக்கங்களும் காணாமல் போயிருந்தன. பாட்டி மலரைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாருய்யா இது?" என்று கேட்டார்.

செயலவையினர் அச்சகத்தின் மீது கோபம் கொண்டனர். வடையும் பாயசமும் விற்றுச் சேர்த்த பணம் அல்லவா! நியாயம் கேட்கச் சென்றோம். அச்சகத்தில் இருந்த பெரியவர் சினம் கொள்ளாமல் நாங்கள் அனுப்பிய கோப்பைத் தம் திரையில் திறந்து காட்டினார். அங்கும் கத்தரிப்பூ நிறச் சேலைதான். அங்கும் இருண்ட முகந்தான். "தம்பி, நீங்க கொடுத்ததைத்தான் அடிச்சிருக்கோம். உங்க வீட்டுத் திரையைப் பாருங்க," என்றார். அன்று வீடு திரும்பித் திரையை ஆராயத் தொடங்கியதன் பயனே இக்கட்டுரை. நம் கழகத்தில் அடுத்து மலர் தயாரிப்போர்க்கும், வீட்டுக் கணினியில் படங்களைக் கையாளும் எவர்க்கும் இது உதவும் என நம்புகிறேன்.

திரையில் நிறம் பிறக்கும் விதம்

கணினித் திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு ஒளித்துண்டுகள் உள்ளன. வழக்கமான படக்கோப்பில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் தரப்படுகிறது. மூன்றும் 255 என்றால் வெள்ளை. மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் சமமாக இடையில் நின்றால் சாம்பல். இவ்வாறு 256 படிகளை மூன்று முறை பெருக்கினால் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் கிடைக்கின்றன.

கோப்பில் இருப்பவை எண்கள் மட்டுமே. 200 என்ற சிவப்பு எப்படிப்பட்ட சிவப்பு என்பதை ஒவ்வொரு திரையும் தன் போக்கில் காட்டும். இக்குழப்பத்தைக் குறைக்க 1996-ஆம் ஆண்டு ஹியூலட் பேக்கார்ட், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொது அளவை முன்மொழிந்தன. அது 1999-இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. இணையப் படங்களில் பெரும்பாலானவை இன்றும் அதையே பின்பற்றுகின்றன. திரையை இந்தப் பொது அளவுக்கு அருகில் கொண்டு வருவதையே வண்ணச் சீரமைப்பு என்கிறோம்.

அளவுகோல் இல்லாமல் நிறத்தைச் சொல்ல முடியாது என்பது நம் வட்டாரத்துக்குப் புதிய செய்தியன்று. செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்பதைக் கருஊதாவிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறும் நிறத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்வதில்லை. மரத்தடியில் விழுந்து கிடக்கும் உதிரிப் பழங்களையும் பார்ப்பார்கள். நெல்லுக்கு உரம் போதுமா என்பதை அறியப் பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம் இலைநிற அட்டை ஒன்றைப் பரப்பியது. இளம்பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள் கொண்ட அவ்வட்டையின் அருகே இலையை வைத்து ஒப்பிட வேண்டும். அப்போது இலை மீது வெயில் படாமல் உடலால் நிழல் செய்துகொள்ள வேண்டும். ஒரே ஆள், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்பவை அதன் விதிகள். ஒப்பிட ஒரு பொருள், மாறாத வெளிச்சம், மாறாத முறை ஆகிய இம்மூன்றும் திரைக்கும் வேண்டும்.

முதலில் நோயை அறிவோம்

மருத்துவர் மருந்து தரும் முன் நோயைக் கண்டறிவார். திரையின் பொத்தான்களைக் கண்டபடி திருகும் முன் நாமும் மூன்று சோதனைகள் செய்யலாம்.

முதலாவது, சாம்பல் சோதனை. படம் வரையும் மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 128 எனக் கொடுத்து ஒரு பெரிய கட்டம் வரையுங்கள். அது வெறும் சாம்பலாகத் தெரிய வேண்டும். அதில் மஞ்சளோ நீலமோ இளஞ்சிவப்போ கலந்து தெரிந்தால் திரை சாய்ந்திருக்கிறது என்று பொருள். முகத்திலும் சேலையிலும் தெரியாத சாய்வு சாம்பலில் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, இடமாற்றச் சோதனை. அதே படத்தை இரண்டு மூன்று கைப்பேசிகளிலும் வேறொரு கணினியிலும் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே குறை தெரிந்தால் குறை கோப்பில் உள்ளது. நம் திரையில் மட்டும் வேறாகத் தெரிந்தால் குறை நம்மிடம் உள்ளது. நான் இதை முன்பே செய்திருந்தால் மலர் தப்பித்திருக்கும்.

மூன்றாவது, பட்டியல் சோதனை. திரையின் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு பட்டியல் தோன்றும் அல்லவா? அதைக் கணினி வரைவதில்லை, திரையே வரைகிறது. ஆகவே, படம் மஞ்சளாகவும் பட்டியலில் உள்ள வெள்ளை எழுத்து வெள்ளையாகவும் தெரிந்தால், கோளாறு பெரும்பாலும் கணினியிலோ கேபிளிலோ இருக்கும். பட்டியலும் சேர்ந்து மஞ்சளானால் திரையையோ அதன் அமைப்பையோ ஐயப்படலாம்.

அடிக்கடி காணும் கோளாறுகள்

1. எல்லாம் மஞ்சள். இரவில் கண்ணுக்கு இதமாக இருக்க நீல ஒளியைக் குறைக்கும் வசதி இப்போது பெரும்பாலான கருவிகளில் உண்டு. 2009-இல் எஃப்லக்ஸ் என்ற மென்பொருளாகப் பரவிய இவ்வசதி, 2017-இல் விண்டோஸ் 10-உடனேயே 'நைட் லைட்' என்ற பெயரில் சேர்ந்து வந்தது. பொழுது சாய்ந்ததும் தானாக இயங்கும்படி இதை அமைக்கலாம். எங்கள் வீட்டில் தம்பி அப்படித்தான் அமைத்திருந்தான். இரவு பத்து மணிக்குப் பாட்டியின் படம் மஞ்சளாகத் தெரிந்ததும் நான் நீலத்தைக் கூட்டினேன். சிவப்புச் சேலையில் நீலம் ஏறினால் கத்தரிப்பூ நிறம் வராமல் என்ன செய்யும்? நிற வேலை தொடங்கும் முன் இதனை அணைத்துவிட வேண்டும்.

2. ஒரு நிறமே இல்லை. பழைய வி.ஜி.ஏ. கேபிளில் மூன்று நிறங்களும் தனித்தனிக் கம்பிகளில் வருகின்றன. ஒரு முள் வளைந்தாலோ இணைப்பு தளர்ந்தாலோ அந்நிறம் வராது. வெள்ளைப் பகுதி மஞ்சளானால் நீலம் வரவில்லை; நீலப்பச்சையானால் சிவப்பு வரவில்லை; கருஞ்சிவப்பு கலந்த ஊதாவானால் பச்சை வரவில்லை. கேபிளைக் கழற்றி, முட்களைப் பார்த்து, மீண்டும் இறுகப் பொருத்துங்கள். மாறவில்லையெனில் வேறு கேபிளை இட்டுப் பாருங்கள்.

3. கறுப்பு வெளிறிச் சாம்பலாகிறது. எச்.டி.எம்.ஐ. கேபிள் வழி இணைக்கும்போது கணினி சில வேளைகளில் திரையைத் தொலைக்காட்சி எனக் கருதி, 0 முதல் 255 வரை அனுப்பாமல் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பும். திரை முழு அளவை எதிர்பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் மங்கிவிடும். வரைகலை அட்டையின் அமைப்பில் 'ஃபுல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். மாறாக, திரை குறைந்த அளவை எதிர்பார்த்துக் கணினி முழு அளவை அனுப்பினால் இருண்ட பகுதிகள் ஒரே கறுப்பாக அமுங்கிப் போகும்.

4. நிறங்கள் கண்ணைப் பறிக்கின்றன. 'விவிட்', 'கேம்', 'மூவி' போன்ற முன்னமைவுகள் கடையில் நம்மைக் கவர்வதற்கு நல்லவை, படவேலைக்கு ஆகாதவை. 'எஸ்.ஆர்.ஜி.பி.' அல்லது 'ஸ்டாண்டர்ட்' முன்னமைவுக்கு மாறுங்கள். படத்துக்கேற்ப வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

5. ஒரு மென்பொருளில் மட்டும் வெள்ளை மஞ்சளாகிறது. 1993-இல் 8 நிறுவனங்கள் கூடித் தொடங்கிய அனைத்துலக வண்ணக் கூட்டமைப்பு, ஒவ்வொரு கருவியின் நிற இயல்பையும் பதிந்து வைக்கும் விவரக்கோப்பு முறையை வகுத்தது. திரையுடன் வரும் விவரக்கோப்பு பிழையானதாக இருந்தால், அதை மதித்து நடக்கும் மென்பொருளில் மட்டும் நிறம் கெடும், மற்றவற்றில் கெடாது. விண்டோஸின் 'கலர் மேனேஜ்மென்ட்' பகுதிக்குச் சென்று அந்த விவரக்கோப்பை நீக்கி, எஸ்.ஆர்.ஜி.பி. விவரக்கோப்பை இயல்பானதாக வைத்துப் பாருங்கள்.

6. தலையை அசைத்தால் நிறம் மாறுகிறது. டி.என். வகை மலிவுத் திரைகளிலும் பழைய மடிக்கணினிகளிலும் இது இயல்பு. மேலிருந்து பார்த்தால் ஒரு நிறம், கீழிருந்து பார்த்தால் வேறொரு நிறம். இதைச் சீரமைக்க வழியில்லை. கண் எப்போதும் திரைக்கு நேராக இருக்குமாறு அமர்வது ஒன்றே வழி. ஐ.பி.எஸ். வகைத் திரைகளில் இச்சிக்கல் மிகக் குறைவு.

அறையும் ஒரு கருவியே

எங்கள் ஊர் மலாக்கா நீரிணையை நோக்கிய மேற்குக் கரையில் உள்ளது. பிற்பகல் வெயில் சன்னல் வழியாக நேராகத் திரைமீது விழும். திரை மங்கலாகத் தெரிந்ததால் அதன் வெளிச்சத்தை 100-க்கு ஏற்றி வைத்திருந்தேன், இரவிலும் இறக்கவில்லை. அத்தனை வெளிச்சத்தில் பாட்டியின் முகம் தெளிவாகத்தான் தெரிந்தது. தாளுக்குச் சொந்த ஒளி ஏது? அச்சில் முகம் இருண்டதற்கு இதுவே காரணம். அச்சு இருட்டாக வருகிறது என்று குறைபடுவோரில் பலரது வீட்டில் திரைதான் அளவுக்கு மீறி ஒளிர்கிறது.

புதிய திரைகள் பல 250 முதல் 300 கேண்டெலா வரை ஒளிரக்கூடியவை. அச்சு வேலைக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும். அளக்கக் கருவி இல்லாதோர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. வெயில் விழாத அறையில் வழக்கமான விளக்கை ஏற்றிவிட்டு, திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் அருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்கைப்போல் ஒளிர்ந்தால் குறையுங்கள். சாம்பலாகத் தெரிந்தால் கூட்டுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துத் தெரியும் இடமே நமக்கு வேண்டியது.

விளக்கின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். எஸ்.ஆர்.ஜி.பி. அளவின் வெள்ளை 6500 கெல்வின். நண்பகலின் வான்வெளிச்சத்தை ஒத்தது. மஞ்சள் குண்டு விளக்கின் கீழ் அமர்ந்து வேலை செய்தால் அதே திரை நீலமாகத் தோன்றும். வெண்மையான குழல் விளக்கு மேல். திரைக்குப் பின்னால் பளிச்சென்ற பச்சைச் சுவரோ இளஞ்சிவப்புத் திரைச்சீலையோ இல்லாதிருப்பதும் நல்லது.

கண்ணால் சீரமைக்கும் முறை

மேற்கண்டவற்றைச் சரிசெய்த பிறகே சீரமைப்பைத் தொடங்க வேண்டும். திரையின் பட்டியலில் உள்ள 'ரீசெட்' வழியாகத் தொழிற்சாலை நிலைக்குத் திரும்புங்கள். திரை அரை மணி நேரமாவது எரிந்திருக்கட்டும். தொடக்கத்தில் அதன் ஒளி நிலையாக இராது. திரைக்குரிய இயல்பான தெளிவளவைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் வெளிச்சம். தட்டையான திரைகளில் 'பிரைட்னஸ்' பொத்தான் பின்னால் எரியும் விளக்கைக் கட்டுப்படுத்துகிறது. மேலே சொன்ன தாள் சோதனையைக் கொண்டு அமையுங்கள். 'கான்ட்ராஸ்ட்' பொத்தானைப் பெரும்பாலும் தொழிற்சாலை நிலையிலேயே விட்டுவிடலாம்.

அடுத்து இருளும் வெண்மையும். கறுப்புப் பின்னணியில் 5, 10, 15, 20 என்ற எண்களில் நான்கு கட்டங்கள் வரையுங்கள். 10-ஆம் எண் கட்டமாவது மங்கலாகத் தெரிய வேண்டும். அதுபோல் வெள்ளைப் பின்னணியில் 240, 245, 250 என மூன்று கட்டங்கள். 250 தெரியாவிட்டாலும் 245 தெரிந்தாக வேண்டும். இருண்ட கட்டங்கள் மறைந்தால் கருங்கூந்தலின் இழைகள் மறையும். வெண்மைக் கட்டங்கள் மறைந்தால் வேட்டியின் மடிப்புகள் மறையும்.

மூன்றாவது 'காமா'. நம் கண் இருண்ட பகுதியின் வேறுபாடுகளை எளிதில் உணரும். எனவே, திரையின் எண்கள் ஒளியோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. பொதுவான 2.2 காமாவில் 128 என்பது பாதி ஒளியன்று. ஏறக்குறைய 22 விழுக்காட்டு ஒளியே. பாதி ஒளி தருவது 186 என்ற எண்ணாகும். இதைச் சோதிக்க, ஒரு புள்ளி உயரத்தில் கறுப்புக் கோடு, அடுத்து வெள்ளைக் கோடு எனக் கிடைக்கோடுகள் நிறைந்த கட்டம் ஒன்றை வரைந்து, அதன் நடுவே 186 எண்ணுள்ள சாம்பல் கட்டத்தை வையுங்கள். படத்தைப் பெரிதாக்காமல் சிறிதாக்காமல் முழு அளவில் திறந்து, சற்றுத் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்தால் காமா 2.2-க்கு அருகில் உள்ளது. நடுக்கட்டம் இருண்டு தெரிந்தால் காமா கூடுதல். வெளிறித் தெரிந்தால் குறைவு.

இறுதியாக நிறச் சமநிலை. திரையின் பட்டியலில் 6500 கெல்வின் என்ற தெரிவு இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிடில் 'யூசர்' பகுதிக்குச் சென்று, முன்பு வரைந்த சாம்பல் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே, மிகுந்திருக்கும் நிறத்தைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். கூட்டுவதைவிடக் குறைப்பதே சிறந்தது.

இந்த வேலைகளைப் படிப்படியாகச் செய்ய 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் ஒரு வழிகாட்டிக் கருவி உள்ளது. தேடல் கட்டத்தில் 'கேலிபிரேட் டிஸ்பிளே கலர்' என்பதைத் தட்டெழுதினால் அது கிடைக்கும். ஆனால், ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். திரையின் பொத்தான்களால் முடிந்ததை அவற்றாலேயே முதலில் முடித்துவிட்டு, எஞ்சியதை மட்டுமே மென்பொருளிடம் விடவேண்டும். மென்பொருள் நம்மிடமுள்ள 256 படிகளில் சிலவற்றை விட்டுக்கொடுத்தே திருத்தம் செய்கிறது. மிகுதியாகத் திருத்தினால் அந்தி வானம் சீராக மாறாமல் பட்டை பட்டையாகத் தெரியும்.

கருவி வேண்டுமா?

கண் ஒரு சிறந்த ஒப்பீட்டாளர். ஆனால், நினைவாற்றல் குறைந்த சாட்சி. மஞ்சள் திரையைச் சில நிமிடங்கள் பார்த்தால் அதையே வெள்ளையென ஏற்றுக்கொள்ளும். சிவப்பு, பச்சை வேறுபாடு சரிவரத் தெரியாத குறையும் சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். ஆகவே, இன்னொருவரின் கண்ணையும் துணைக்கு அழைப்பது நல்லது.

துல்லியம் வேண்டுவோர் திரைமீது வைத்து அளக்கும் நிறமானியைப் பயன்படுத்தலாம். ஸ்பைடர், கேலிபிரைட் ஆகியவை கடைகளில் கிடைக்கும் வகைகள். கிரேம் கில் உருவாக்கிய ஆர்கில், அதன்மீது புளோரியன் ஹோக் அமைத்த டிஸ்பிளேகால் ஆகிய மென்பொருள்கள் இலவசம். நிறமானி இரு வேலைகளுக்குத் துணைநிற்கிறது. தராசின் முள்ளைச் சுழிக்குக் கொண்டு வருவது போன்றது சீரமைப்பு. அதன் பிறகும் தராசு சற்றுக் கூடுதலாகக் காட்டினால், "இத்தராசு இவ்வளவு கூட்டிக் காட்டும்" என்று எழுதி வைப்பது போன்றது விவரக்கோப்பு. முன்னது திரையைத் திருத்துகிறது. பின்னது திருந்தாத மிச்சத்தை மென்பொருளுக்குச் சொல்கிறது. திரைகள் மூப்படைய அவற்றின் விளக்கு மங்கி நிறமும் மாறும் என்பதால் இதனை அவ்வப்போது மீண்டும் செய்ய வேண்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன்

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளால் காட்டுகிறது. பளீரென்ற சில பச்சைகளும் நீலங்களும் மையில் பிறக்கவே பிறக்கா. எனவே, எவ்வளவு சீரமைத்தாலும் திரையும் தாளும் முற்றிலும் ஒன்றாகிவிடாது. எந்த விவரக்கோப்பைக் கொண்டு கோப்பை மாற்ற வேண்டும் என அச்சகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஒரு மாதிரித் தாள் அச்சடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அந்த ஒரு தாளுக்குச் சிக்கனம் பார்த்துத்தான் நாங்கள் மலர் முழுவதையும் இழந்தோம்.

திரையைச் சீரமைத்த பிறகு பாட்டியின் படத்தை மீண்டும் திறந்தேன். பார்த்த நண்பர் ஒருவர், முகத்தை இன்னும் வெளுப்பாக்கச் சொன்னார். நான் உடன்படவில்லை. பாட்டி கருநிறத்தவர், வெயிலில் உதிரிப் பழம் பொறுக்கியவர். அந்நிறம் குறையன்று, அது படத்தில் இருக்க வேண்டும். நான் செய்த பிழை அவரைக் கருப்பாக்கியதன்று. அவருடைய முகத்தில் இருந்தவற்றை இருட்டில் மறைத்தது. நிறத்தைச் சரியாகக் காட்டும் திரை இருந்தால் எது நிறம், எது இருட்டு என்பதை நாமே பிரித்தறியலாம்.

மறு அச்சுக்குக் கழகத்தில் பணமில்லை. ஆயினும், அதே படத்தைத் தனித்தாளில் அச்சிட்டு ஊருக்குக் கொண்டு சென்றேன். பாட்டி வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதான்யா அந்தச் சேலை. உங்க தாத்தா எடுத்துக் கொடுத்தது," என்றார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சேலையைத்தான் விரலால் தடவிக் கொண்டிருந்தார்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்களிடம் பயன்படுத்தாத நிறமானி இருந்தால், மலர் தயாராகும் இரண்டு வாரங்களுக்கு மட்டும் கழகத்துக்கு இரவல் கொடுத்து உதவுங்கள். அடுத்த அட்டையில் யாருடைய பாட்டியோ, யாருடைய தந்தையோ இருக்கக்கூடும்.